பதினேழாவது வளைவில் ஒரு வாய் தண்ணீர்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மணி 2.47. தார் இளகி டயரில் ஒட்டுகிற வெயில். இது கட்டுக்கதை இல்லை. என் சைக்கிளில் பொருத்தியிருக்கும் கருவியில் அந்த நேரம் பதிவாகியிருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள். அப்புறம் என்னைத் திட்டிப் பயனில்லை.

என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மற்றது புரியும். எனக்கு எச்சில் ஆகாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்களின் ரத்தம், சளி, மூத்திரம் எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் என் மேஜைக்கு வரும். அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தவனுக்கு மனித வாய் என்றாலே குமட்டும். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்த காபியை வாஷ்பேசினில் கொட்டியவன் நான். வீட்டில் எனக்கென்று தனி டம்ளர். அதை யாரும் தொடக் கூடாது. சைக்கிள் குழுவில் எனக்கு வைத்த பெயர் 'சோப்பு'. "சோப்பு வந்தாச்சு, எல்லாரும் கை கழுவிட்டு வாங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள். நானும் கூடவே சிரிப்பேன்.

குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் கைவிட்டுக்கொண்டிருப்பவருக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கை. "மாப்ள, உலகத்துல எச்சில் இல்லாத வாய் ஒண்ணே ஒண்ணுதான். பொணத்தோட வாய். அதுதான் காஞ்சு கிடக்கும்" என்பார். சாப்பிடும்போது சொல்வார். நான் எழுந்து போய்விடுவேன்.

எங்கள் பயணங்களுக்கு ஒரு முறை உண்டு. இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். காலை ஆறுக்குக் கடற்கரையில் கிளம்பி, கடலை ஒட்டியே நூற்றுப் பத்து கிலோமீட்டர். அப்புறம் மலை. இருபத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. மேலே ஒரு தேநீர்க் கடை. அங்கிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் மறுபடியும் கடல். சுரங்கப்பாதை வந்தபிறகு வண்டிகள் எல்லாம் அதில் போய்விடுகின்றன. இந்தப் பழைய மலைச்சாலையில் சைக்கிள்காரர்களையும் குரங்குகளையும் தவிர யாரும் இல்லை.

ஆளுக்கு ஓர் அட்டை. அதில் முத்திரை குத்துவது தபால்காரர். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எங்களுக்குக் குத்துகிறார். பாதியில் முடியாமல் போனவர் அவருக்கு போன் செய்து சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவரும் நோட்டில் 'வரவில்லை' என்று எழுதி மூடிவிடுவார். யாரும் யாரையும் தேடுவதில்லை. அதுதான் எங்கள் வழக்கம்.

இப்போது அந்த முதல் பயணம். கோடை. நான் மெதுவாகப் போகிறவன். பதினேழாவது வளைவை அடைந்தபோது மணி 2.47. சரியாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நேரம் போதாதே என்று கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவின் கைப்பிடிச் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் போலவே குழுவின் பச்சைச் சட்டை. முகம் வெளிறிப்போய், உதடு வெடித்திருந்தது.

"அண்ணா, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

என்னிடம் தண்ணீர் இருந்தது. முக்கால் லிட்டர், வாய் வரை. வியர்வைக்கு ஈடாக ஆரஞ்சு வாசனை உப்புப்பொடி கலந்தது. ஆனால் சைக்கிள் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும். அதைப் பல்லால் கடித்து இழுத்து, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த வெடித்த உதடு என் பாட்டிலின் மேல் படுவதை நினைத்தேன். அதற்கப்புறம் எழுபது கிலோமீட்டருக்கு அதே மூக்கை நானல்லவா வாயில் வைக்க வேண்டும்!

"காலி" என்றேன்.

சொன்ன அதே நேரம் சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பாட்டிலுக்குள் தண்ணீர் 'களக்' என்றது. அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். முன்பல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. பின்னால் வருகிறவன் யாராவது கொடுப்பான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மிதித்தேன்.

கடற்கரையில் தபால்காரர் என் அட்டையில் முத்திரை குத்திவிட்டு நோட்டை எடுத்தார். "நீதான் கடைசி, சோப்பு. இன்னும் ஒருத்தர் வரல. பஸ் பிடிச்சிருப்பார்." 'வரவில்லை' என்று எழுதி மூடினார்.

எனக்குப் பின்னால் யாருமே வந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. காணாமல் போனவர் மச்சானிடம் பல் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரையும் குழுவில் சேர்த்துவிட்டதே மச்சான்தான். பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கடைசியாக வந்து டீ குடித்துவிட்டு இறங்கினார் என்று மலைமேல் கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதனால் எல்லாரும் அந்தப் பக்க இறக்கத்திலேயே தேடினார்கள். அங்கே டீ குடித்தது நான். அது எனக்குத் தெரியும். என்னிடமும் கேட்டார்கள். "வழியில யாரையாவது பார்த்தீங்களா?" மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் இருந்தும் இல்லையென்றவன் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சொல்லாததை அடுத்த நாள் எப்படிச் சொல்வது? அதற்கடுத்த நாள்? அவருடைய மனைவி வாரா வாரம் மச்சானின் கிளினிக்குக்கு வந்து, நோயாளிகள் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாராம். "ஏதாவது தெரிஞ்சுதா டாக்டர்?" என்பது மட்டும்தான் கேள்வி. மச்சான் இதை எங்கள் வீட்டில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் தனி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாற்பத்திரண்டாம் நாள் மறுபடியும் அதே பாதையில் பயணம். போகாமல் இருந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில் போனேன்.

பாட்டில் நிறைய ஆரஞ்சுத் தண்ணீர். கருவியில் எப்போதும்போல ஓர் அலாரம். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை 'பீப்' என்னும். உடனே ஒரு மடக்கு குடிக்க வேண்டும். வெயிலில் தாகம் தெரியாமலே சுருண்டு விழாமல் இருக்க சைக்கிள்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். நாளடைவில் யோசனையே தேவைப்படாது. பீப் என்றால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும்.

வழியில் இரண்டு முறை டயர் பஞ்சர். மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். மலையில் நான் மட்டும்.

2.31. பதினான்காவது வளைவு.

ஒரு நாற்றம். மூடியே வைத்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைப் பத்து நாள் கழித்துத் திறந்தால் வருமே, அது. ஏதாவது குரங்கு செத்துக் கிடக்கும் என்று நினைத்தேன். ஏற்றத்தில் வாயைத் திறந்துதான் மூச்சு விட முடியும். அதனால் அந்த நாற்றத்தை மூக்கால் முகரவில்லை. நாக்கால் சுவைத்தேன். தித்திப்பு. எண்ணெய்ப்பசை.

2.38. பதினைந்தாவது வளைவு.

ஈக்கள். முதலில் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. கண்ணாடிக்குள், காதுக்குள், உதட்டோரத்தில். ஒன்று நேராக வாய்க்குள் போனது. காறித் துப்பினேன். பாதிதான் வந்தது.

மீதி உள்ளே இறங்கிவிட்டது.

2.43. பதினாறாவது வளைவு தாண்டியதும் ஈக்கள் சட்டென்று நின்றன. நாற்றம் நிற்கவில்லை. குரங்குச் சத்தம் இல்லை. காற்று இல்லை. என் மூச்சு மட்டும்.

அப்போது பின்னால் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டால்தான் பின் சக்கரம் அப்படிச் சொல்லும். இறக்கத்தில் வருகிற சத்தம் அது.

நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

செங்குத்தான ஏற்றத்தில், மிதிக்காமல், என் வேகத்திலேயே ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. வெயில் முதுகுப் பக்கம். நிழல் எனக்கு முன்னால் ரோட்டில் விழுந்தது. என் நிழல், என் சைக்கிள், மேலும் கீழும் போகும் என் கால்கள்.

அதன் பக்கத்தில் இன்னொரு நிழல் ஊர்ந்து வந்தது.

அதன் கால்கள் அசையவில்லை. ஒரு கால் பெடலில் இருந்தது. இன்னொன்று முழங்காலுக்குக் கீழே... வெளிப்பக்கமாக மடங்கித் தொங்கியது. மடங்கக் கூடாத பக்கம்.

டிக்... டிக்... டிக்...

பலகை தெரிந்தது. பதினேழு.

2.47.

சத்தம் நின்றது.

"அண்ணா..."

காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு குரல். என் இடது காதுக்கு மிக அருகில்.

"ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

என் வாய் என்ன சொன்னது தெரியுமா? அன்று சொன்னதையே சொன்னது.

"கா... காலி..."

களக்.

பாட்டில் சொல்லிவிட்டது. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு கை நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கி. ஓடும் சைக்கிளில் தண்ணீர் வாங்க நாங்கள் எல்லாரும் நீட்டுவது போலவே. பச்சைக் கையுறை. அதற்கு வெளியே விரல்கள்... கறுத்து, சுருங்கி, தோல் எலும்போடு ஒட்டிப்போய்... நகங்கள் மட்டும் நீளமாக.

கொடுத்தேன்.

நானாகக் கொடுத்தேனா, கை கொடுத்ததா, தெரியவில்லை.

குடிக்கும் சத்தம். களக்... களக்... களக்... நிற்கவே இல்லை. கூடவே இன்னொரு சத்தம். சொட்... சொட்... சொட்... குடித்த தண்ணீர் எங்கேயோ ஒழுகி, சூடான தாரில் விழுந்துகொண்டிருந்தது.

அப்புறம்... டக்.

பாட்டில் என் சைக்கிளில், அதன் தாங்கியில், திரும்ப உட்கார்ந்திருந்தது.

திரும்பினேன்.

யாருமில்லை.

ரோட்டில் ஈரமும் இல்லை.

எப்படி மிச்ச ஏழு வளைவுகளை ஏறினேன் என்று தெரியாது. கால்கள் ஏறின. நடுவில் அடித்த பீப் எதுவும் காதில் விழவில்லை. தேநீர்க் கடை பூட்டியிருந்தது. நிற்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கினேன். கடல் தெரிந்தது. நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. வெயிலில் மூளை குழம்பியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கண் இறக்கத்தின் வளைவுகளிலேயே இருந்தது.

3.30.

பீப்.

கை தானாகப் போனது.

பல்லால் கடித்து இழுத்தேன். உறிஞ்சினேன். ரப்பர் மூக்கு சில்லென்று வழுவழுத்தது, உரித்து வைத்த மீனின் தோல் போல. ஒரு மடக்கு தொண்டையில் இறங்கிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. தித்திப்பு. எண்ணெய்ப்பசை. மலையில் நாக்கில் பட்ட அதே ருசி.

வாயில் இன்னொன்றும் இருந்தது.

சின்னதாக. கடினமாக. பாட்டிலின் மூக்கில் சிக்கிக்கொண்டிருந்தது கழன்று என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

உள்ளங்கையில் துப்பினேன்.

ஒரு முன்பல். மற்ற பற்களைவிட வெள்ளையாக இருந்திருக்கக் கூடிய பல்.

சைக்கிளைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். குடல் வரை வந்தது. வாயில் விரலை விட்டு இன்னும் எடுத்தேன். அந்த ஒரு மடக்கு மட்டும் வெளியே வந்த மாதிரியே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மச்சானின் கிளினிக். அவர் எச்சில் துப்பும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். டிஷ்யூவில் மடித்து வைத்திருந்ததைக் கருவிகள் வைக்கும் எஃகுத் தட்டில் போட்டேன். 'டிங்' என்றது.

"என்ன மாப்ள, பல்லு விழுந்துடுச்சா?" சிரித்துக்கொண்டே விளக்கை இழுத்து அதன் மேல் பிடித்தார். இடுக்கியால் புரட்டினார். "பல்லு இல்ல இது. பல்லு மேல மாட்டுற கேப்."

இன்னொரு முறை புரட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"எங்க கிடைச்சுது இது?"

"என் வாயில."

"விளையாடாதீங்க. இது என் கையால செஞ்சது. பக்கத்துப் பல்லு கோணலா இருக்குன்னு இந்த ஓரத்தை நான்தான் தேய்ச்சேன். இது அவரோடது. எங்க கிடைச்சுது?"

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பார்த்தேன் மச்சான். அன்னைக்கே பார்த்தேன். பதினேழாவது வளைவுல. தண்ணி கேட்டார். இருந்துச்சு. இல்லன்னுட்டேன். நேத்து அதே இடத்துல மறுபடியும் கேட்டார், பாட்டிலையே கொடுத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். போனை எடுத்தார். பேசும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மதியம் 1.20க்குக் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே நாற்பதடியில், மேலே பாறை கவிந்த ஓர் இடுக்கில் இருந்தார். சைக்கிள் அவர் மேல் கிடந்தது. தலை சுற்றி, பிடித்திருந்த சைக்கிளோடு சுவரிலிருந்து சரிந்திருப்பார் என்றார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. ஆனால் விழுந்ததில் சாகவில்லையாம். குறைந்தது இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். எட்டும் தூரத்தில் இருந்த இலைகளை எல்லாம் பறித்து மென்றிருக்கிறார். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் 'இல்ல' என்றேன்.

பல்லை வைத்து ஆளை உறுதி செய்ய மச்சானைப் பிணவறைக்கு அழைத்தார்கள். சாயங்காலம் 4.10க்கு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாஷ்பேசினில் என் சோப்பை எடுத்துக் கை கழுவினார். மூன்று முறை. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அவர்தான்" என்றார். "முன்பல்லுல இருந்த கேப் மட்டும் காணோம்."

நான் நீட்டிய துண்டை அவர் வாங்கவில்லை.

"மாப்ள, நாப்பது நாள் வெயில். உடம்பு முழுக்கக் கருவாடா காஞ்சு கிடக்கு. தொட்டா பொடியுது. வாய் மட்டும்..."

"வாய் மட்டும்?"

"ஈரம். தாடையைத் திறந்ததும் வழிஞ்சு என் கையில ஊத்துச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டரும் பார்த்தார். எப்படின்னு அவருக்கும் தெரியல." தண்ணீரை நிறுத்தினார். "ஆரஞ்சு வாசனை மாப்ள. நேத்து உங்க பாட்டில்ல என்ன கலந்திருந்தீங்க?"

சொன்னேன்.

என் மனைவி அவசரத்தில் கைக்கு எட்டிய டம்ளரில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி உதடு வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இது யார் குடிக்கிற டம்ளர்?"

"இவரோடதுதாண்ணா. ஏன்?"

மச்சான் என் வாயைப் பார்த்தார். டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். திரும்பிப் போய், நான்காவது முறையாகக் கை கழுவினார்.